நான் திருத்திய ஒரு எழுத்து

முப்பத்து நான்கு வருஷம் போலீஸ் வேலை பார்த்தேன். ஒரு திருடனையும் ஓடிப் பிடித்ததில்லை. பேனாவைத்தான் பிடித்தேன். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு காவல் நிலையத்தில் ஸ்டேஷன் ரைட்டர். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாற்காலி தரும் முதுகுவலியே போதும், என்னால் மானக்கேடும் வேண்டாம்.

இதை எழுதக் காரணம் ஒரு மனு. போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கொலை நடந்தது. கரையோரம் தனியாக நடந்துபோன ஒரு பெண்ணைக் கொன்று போட்டுவிட்டார்கள். இறால் பண்ணையில் வேலை பார்த்த வெளியூர் ஆள் ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். ஊர் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். கொதிக்காத ஊரில் நான் குடியிருக்க மாட்டேன். நான்காம் நாள் மீனவர் சங்கச் செயலாளர் பாஸ்கர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கையில் கணினியில் தட்டிய மனு. ‘கொலையாளிக்குத் தூக்கு தண்டனை வழங்கக் கோரி’ என்று தலைப்பு.

“ரைட்டரண்ணே, மொதல்ல ஒரு கையெழுத்து போடு. அப்பால எழுத்துப் பிழை இன்னா கீதுன்னு பாத்துத் திருத்திக் குடு. கலெக்டரு படிக்கறது, கலீஜா இருக்கக் கூடாது.”

“கையெழுத்தும் போட மாட்டேன், எழுத்தும் திருத்த மாட்டேன்” என்றேன்.

அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு வரும் டீயில் சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி என்பதால் என் டாக்டர் இந்தத் தண்டனையை வரவேற்றிருக்கிறார். வேலையில் இருக்கும் இளைய காவலர்கள் வாட்ஸப் குழுவில், “சார், நீங்களா கொலைகாரனுக்கு வக்காலத்து?” என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்ட என் விரலுக்கு வராது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்குமூலம்.

நான் திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பம். பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. துப்பாக்கி சுடும் தேர்வில் நான் சுட்டதெல்லாம் பக்கத்து ஆளின் அட்டையில் விழுந்தது. அவனுக்கு முதல் பரிசு கிடைத்தது. இன்றுவரை தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்கிறான். என் கையெழுத்து அழகாக இருந்ததால் என்னை ரைட்டர் ஆக்கினார்கள். நாட்டுக்கு அதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு ஏரிக்கரைக்கு மாற்றினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். அதிலும் மூழ்கும் திறமை எனக்கு உண்டு. ஒரு விசாரணைக்காக முதன்முதலில் ஏரி நடுவிலுள்ள பசியாவரத்துக்குப் படகில் போனபோது படகுக்காரரின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “ரைட்டரே, எம் பொண்டாட்டிகூட இப்டி இறுக்கிப் புடிச்சதில்ல” என்றார். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் கரைக்கு வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு கர்வம் இருந்தது. என் தமிழ். “அவங்கோ வந்துகினு இருந்தாங்கோ” என்று ஒருவர் சொன்னால் என் பேனாவில் அது “அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்” என்று குளித்து முழுகி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வரும். என் தாளில் கத்திக்குத்துப் பட்டவன்கூடப் பண்டிதன் மாதிரிப் பேசுவான். பக்கத்து நிலையங்களில் என் தாள்களை மாதிரிக்கு வாங்கிப் போவார்கள்.

எந்த வாக்குமூலத்துக்கும் அடியில் ஒரு வரி உண்டு. ‘படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.’ சொன்னவருக்கு எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுத வேண்டிய வரி. வேலை அதிகமுள்ள நாட்களில் நான் பத்துத் தாளை எடுத்து அடியில் அந்த வரியை முதலில் எழுதி வைத்துவிடுவேன். மேலே யார் வந்து என்ன சொன்னாலும், அடியில் அவர் கேட்டாயிற்று, அது சரியாகவும் இருந்தாயிற்று.

இந்தப் பழக்கம் எங்கள் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் இருக்கும்போது அது நடக்காது. உயரமான மனிதர், குரலை உயர்த்தாதவர். வாக்குமூலம் கொடுத்தவரைத் தன் நாற்காலியில் உட்கார வைப்பார். தொப்பியைக் கழற்றி மேஜையில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைப்பார். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துத் தானே படிப்பார். முடித்ததும் ஒரே கேள்வி: “இதுல உன் வார்த்தை இல்லாதது ஏதாவது இருக்கா?” நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதி நேரம் பயத்தில் தலையாட்டுவார். தலையாட்டினால் விட மாட்டார். “வாயால சொல்லு” என்பார். ஒரு சின்ன அடிதடி வழக்குக்கு இப்படி ஒரு மணி நேரம் போகும். நாங்கள் பின்னால் நின்று கொட்டாவியை விழுங்குவோம்.

இருபது வருஷம் இருக்கும். அவர் சென்னைக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் அது நடந்தது.

அஞ்சலை என்று ஒருத்தி. பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவள். காலையில் அவள் உடம்பு ஏரியில் கிடந்தது. தலையில் அடி. இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை வலை கட்ட ஊன்றிய கழியில். அந்தக் கயிறு ஏகாம்பரம் என்ற மீனவருடையது. விடிந்ததும் விடியாததுமாக அவர் அந்தக் கழியண்டை குனிந்து நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பிறகு அவர் ஒன்றும் நடக்காதது போல வலை போடப் போய்விட்டார். போதாதா?

நண்பகலில் அவரைக் கொண்டுவந்தார்கள். எஸ்.ஐ. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

“கயிறு உன்னுதா?”

“என்னுதுதான் சாமி.”

“யார் செஞ்சது?”

ஏகாம்பரத்துக்குப் பல் கிட்டிப் போயிருந்தது. ஈரத் துணி இன்னும் காயவில்லை. “நான்தான் சாமி முடிஞ்சேன். வேற யாரும் இல்ல. நான்தான் முடிஞ்சேன்.”

எழுதிக்கொண்டிருந்த என் பேனா ஒரு கணம் நின்றது. ‘முடிஞ்சேன்’. அதை எழுத்துத் தமிழாக்கினால் ‘நான்தான் முடிந்தேன்’ என்று வருகிறது. மனுஷன் எப்படி முடிவான்? வேலை முடியும், மனுஷன் முடிப்பான். பாவம், இலக்கணம் தெரியாதவர். நான் திருத்தினேன். ‘நான்தான் முடித்தேன். வேறு யாரும் இல்லை.’ ந் இருந்த இடத்தில் த் போட்டேன். அடியில் அந்த வரி ஏற்கெனவே எழுதியிருந்தது. அவருடைய கட்டைவிரலை நான்தான் பிடித்து மையில் ஒற்றித் தாளில் உருட்டினேன். விரல் ஜில்லென்று இருந்தது.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். செல்லாதுதான். கூட்டத்தில் செல்லும். ஒரு காவலர் டீ குடிக்கப் போனார். டீ ஆறுவதற்குள் ‘நான்தான் முடித்தேன்’ ஏரியைச் சுற்றி வந்துவிட்டது. சாயந்திரத்துக்குள் ஏகாம்பரத்தின் வலைகளைக் கூறு கூறாக அறுத்தார்கள். மறுநாள் சுண்ணாம்புக்குளத்து ஆட்கள் வரை வந்துவிட்டார்கள். பஸ்ஸை மறித்தார்கள். ‘தூக்கில் போடு’ என்று பழைய வேட்டியில் எழுதிப் பிடித்தார்கள். பெண்கள் ஏரியிலிருந்து நேராகப் பறியோடு வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அஞ்சலையின் அக்காள் தேசம்மாள்.

“நீங்கோ தூக்கில போட வருசக்கணக்கா ஆவும். வெளிய உடு அவன. நாங்கோ இன்னிக்கே போட்டுர்றோம்.”

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வாக்குமூலம் ஆகாது. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எழுதிய வரியை நூற்றுக்கணக்கான பேர் கத்துவது எந்த ரைட்டருக்கு வாய்க்கும்? “ரைட்டரே, சோக்கா எழுதிகீற” என்று ஒருவர் முதுகில் தட்டினார். ஓசி டீ மூன்று குடித்தேன். சர்க்கரை தூக்கலாக.

பிற்பகலில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட்டத்தைக் கடந்து, தொப்பியைக் கழற்றி, மல்லாத்தி வைத்தார். வாக்குமூலத்தைக் கேட்டார். படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“படிக்கக் கேட்டேன்னு இருக்கு. யார் கேட்டா?”

நான் எஸ்.ஐ.யைப் பார்த்தேன். எஸ்.ஐ. சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

ஏகாம்பரத்தைக் கொண்டுவரச் சொல்லித் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். முக்காலியில் உட்கார்ந்து படித்தார். ‘நான்தான் முடித்தேன்’ வந்ததும் ஏகாம்பரம் கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் மாதிரி.

“அப்டி சொல்லல சாமி. முடிஞ்சேன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேய்யா” என்றேன் நான் பின்னாலிருந்து. இவ்வளவு நடந்தும் வாயை மூடவில்லை.

ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபைல் கட்டும் நாடாவை எடுத்து, மேஜைக் காலில் இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். “இத்தத்தான் சாமி முடிஞ்சேன். விடிகாலைல படகுல போறேன், அஞ்சல மெதந்துகினு கீறா. தண்ணி முகத்துவாரத்தாண்ட இழுக்குது. உட்டா கடலுக்குப் போயிடுவா, அப்பால கண்ணுல பட மாட்டா. அவங்கக்காவுக்கு மொகமாச்சும் வேணும்னு கழில முடிஞ்சேன். ஊர்ல சொல்லலாம்னுதான் சாமி நெனச்சேன். அன்னிக்கு எம் பாடு.”

ஏரியில் எந்த நாள், யார், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பேர். தவறவிட்டால் மறுபடி அந்த இடம் வர நாளாகும். “வலைய போட்டுட்டு வந்து சொல்லிக்கலாம்னு பூட்டேன். அது தப்புதான். அத எழுதிக்கோ.”

முடிந்தேன். என் வீட்டில் தினமும் காதில் விழும் வார்த்தை. “கொண்டைய முடிஞ்சிகினு வரேன், இருங்க” என்பாள் என் மனைவி. என் அம்மா முந்தானையில் சில்லறை முடிந்து வைத்தவள். தெரியாத வார்த்தை என்றால் கேட்டிருப்பேன். தெரிந்த வார்த்தை, அதனால் திருத்தினேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க இறுகியது. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். “இந்த வார்த்தைய அடி. மேல சரியானத எழுது. பக்கத்துல உன் சுருக்கக் கையெழுத்துப் போடு.” போட்டேன். அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். “வெளிய போய்ச் சொல்லு. எழுதினது நீதானே” என்றார். அவ்வளவுதான்.

நிலையத்துப் படியில் போய் நின்றேன். வாயைத் திறந்ததும் பேச்சு என் சுத்தத் தமிழில் வந்து தொலைத்தது. “பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், எழுத்துப் பிழை ஏற்பட்டுவிட்டது. ஏகாம்பரம் அவளை முடிக்கவில்லை, உடல் கடலுக்குப் போகாமல் கழியில் முடிந்தார்.”

முதலில் செருப்பு வந்தது. அடுத்து ஓர் உயிர் நண்டு. அது என் சட்டைப் பையைக் கவ்விக்கொண்டு, பேனாவோடு சேர்த்துத் தொங்கியது. நான் அங்கே ஆடிய ஆட்டத்தை இன்றும் ஊரில் நடித்துக் காட்டுகிறார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் பரவியது. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அன்று கதவு உடைந்திருக்கும். நான் போலீஸில் செய்த ஒரே வீரச் செயல் நண்டிடம் கடி வாங்கியது. தேசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, “என் தங்கச்சிய கடலுக்குப் போவாம புடிச்சி வெச்சது அவனா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். திரும்பிப் போய்ப் பறியைத் தூக்கிக்கொண்டாள்.

கொன்றவனைப் பதினோரு நாள் கழித்துப் பிடித்தோம். அவள் காதுக் கம்மலுக்காகச் செய்தவன். சாட்சி இருந்தது, கம்மலும் இருந்தது. ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் தேசம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ரைட்டரே, ஆயுள்னா யாரு ஆயுளு? அவன் ஆயுளா, என் ஆயுளா?”

தேசம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் இன்னும் உள்ளே இருக்கிறான், மூன்று வேளை சாப்பாட்டோடு. இதை மறைத்துவிட்டு நான் பேசினால் நீங்கள் நம்ப வேண்டாம். தூக்குக் கேட்பவர்கள் எல்லாம் ரத்தவெறி பிடித்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேள்வி நியாயமான கேள்வி. என் பதில்தான் பிடிவாதமான பதில்.

அது இதுதான். ஆயுள் தண்டனைத் தாளில் அடித்தல் திருத்தலுக்கு இடம் இருக்கிறது. பத்து வருஷம் கழித்தும் ஒருவன் வந்து தப்பு என்று சொல்லலாம், பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடலாம். தூக்கு, ஓரம் வெட்டிய தாள், திருத்த இடமே இல்லை. போலீஸ், வக்கீல், ஜட்ஜ், எல்லோரும் கெட்டிக்காரர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேரும் கடைசியில் யாரோ ஒரு ரைட்டர் எழுதியதைத்தான் படிக்கிறார்கள். அந்த இனத்தை எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பல் தேய்க்கும்போதே அடுத்தவன் பேச்சைத் திருத்துகிற ஆள். செய்தவன் சாகும்வரை கம்பிக்குள் கிடக்கட்டும், முடி நரைத்துக் கொட்டட்டும், நான் தடுக்கவில்லை. கழுத்து மட்டும் இருக்கட்டும். என்னைப் போன்றவன் பேனாவை நம்பி ஒரு கழுத்தை நான் கொடுக்க மாட்டேன். டீயில் சர்க்கரை போடாவிட்டால் போங்கள். பால் ஊற்றாவிட்டாலும் குடிப்பேன்.

இப்போது மனுவுக்கு வருகிறேன். பாஸ்கரோடு இரண்டு பேர் வந்தார்கள் என்றேனே, அதில் ஒருவர் ஏகாம்பரம்.

அவரைப் பாடு முறையிலிருந்து நீக்கிய ஊர், மறுபடி சேர்த்துக்கொள்ள இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது. வேறொருவன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுகூட, “எதுக்கும் இருக்கட்டும்” என்று இழுத்தார்கள். அந்த இரண்டு வருஷமும் வலைக்காரரான அவர் வெறுங்கையால் நண்டு தடவினார். அதன் பிறகும் என்னை எங்கே பார்த்தாலும், “இன்னா ரைட்டரே, வேல முடிஞ்சிதா, இல்ல நீயே முடிச்சிட்டியா?” என்று கேட்டுச் சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அந்தக் கட்டைவிரலின் ஜில்லிப்பு ஞாபகம் வரும்.

அவர்தான் வாசலில் நின்று, பாஸ்கர் நீட்டிய மைப்பெட்டியில் விரலை ஒற்றிக்கொண்டிருந்தார்.

“நீயுமா ஏகாம்பரம்?”

“நானுந்தான். அப்ப நான் செய்யல. இவன் செஞ்சிகீறான்.”

“யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது.”

“அப்பவும் ஊரே சொல்லிச்சு.”

“நீ எழுதினதால சொல்லிச்சு.” அவர் குரலில் கேலி இல்லை. “எனக்கும் பொண்ணு கீது ரைட்டரே. அந்த வழியாத்தான் போவுது வருது. உனக்கு இன்னா, வீட்ல உக்காந்துகினு நாயம் பேசற.”

பெண் பிள்ளை வைத்திருப்பவன் பயத்துக்கு எந்த வாதத்தைக் கொண்டுபோய் வைப்பது? ஒன்று மட்டும் கேட்டேன். “இவன் வாய்ப்பேச்ச எழுதினவன் யாருன்னு உனக்குத் தெரியுமா? வெளியூர்க்காரன், வேற பாஷக்காரன். அவன் சொன்னத எவன் திருத்தினானோ?”

பாஸ்கர் குறுக்கே வந்தான். “அண்ணே, அரசியல் பேசாத. திருத்துவியா, மாட்டியா?”

“திருத்த மாட்டேன். படிச்சுக் காட்டுவேன்.”

என் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஏகாம்பரத்தை உட்காரச் சொன்னேன். தொப்பி இல்லை, அதனால் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். ‘கொடூரன்’ என்று நான்கு இடத்தில் இருந்தது. ‘மனித மிருகம்’ என்று இரண்டு இடத்தில். ‘அவனுக்கு வாழும் உரிமை முடிந்தது’ என்று ஓரிடத்தில். அந்த வார்த்தை வந்ததும் ஏகாம்பரம் நிமிர்ந்தார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரை படித்துவிட்டுக் கேட்டேன்.

“இதுல உன் வார்த்தை இல்லாதது ஏதாவது இருக்குதா?”

அவர் தலையாட்டவில்லை. மை ஒட்டிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. மூன்றாவது விசிலில் எழுந்தார்.

“நாளைக்கு எம் பாடு. வலைய பாக்கணும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“மாமா, கைநாட்டு” என்று பாஸ்கர் கூப்பிட்டான்.

“கலெக்டரு எங்கியும் ஓடிட மாட்டாரு. இருடா.”

கேட்டைத் திறக்கும்போது கம்பத்தில் கையை ஊன்றினார். பொங்கலுக்கு வெள்ளையடித்த கம்பம். அதில் அவர் கட்டைவிரல் ரேகை நீலமாக, தெளிவாக விழுந்திருக்கிறது. நான் உருட்டி எடுத்ததைவிட நல்ல ரேகை. துடைக்கச் சொல்லி மனைவி தினமும் திட்டுகிறாள். துடைக்கவில்லை. பிறகு அவர் அந்த மனுவில் விரல் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அது அவர் விரல். இந்தத் தடவை யாரும் பிடித்து உருட்டவில்லை, அது போதும்.

மனு போய்விட்டது என்று கேள்வி. தலைப்பில் ‘தூக்கு தண்டனை’ என்றே போயிருக்கும். நடுவில் ஒரு த் வர வேண்டும். ‘தூக்குத் தண்டனை’ என்பதுதான் சரி. அன்று தாளைக் கையில் வைத்திருந்தபோது என் பேனா அரித்த அரிப்பு எனக்குத்தான் தெரியும். பாஸ்கர் மறுபடி கொண்டுவந்தாலும் போட மாட்டேன். ஒரு மனுஷன் பேச்சில் ஏற்கெனவே ஒரு த் போட்டவன் நான்.